பேர் வேண்டாம் என்றவர்கள்

ஜூன் 20, வியாழன்

கடைகள் மூடப்படுவது பொருளாதாரம் சோர்ந்து கிடப்பதாலா, அந்தக் கடைகள் வியாபாரம் செய்யும் முறை பழசாகிவிட்டதாலா? இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பொருளாதாரம் நடத்திவிட்டு இப்படி எழுதக் கூச்சமாக இருக்கிறது. வகுப்பில் ஒப்புக்கொள்வதைவிட இங்கே எழுதுவது சுலபம். "பிறகு பேசலாம்" என்று அவளை உட்காரவைத்தேன்.

தென்காசி ரதவீதியில் மூடிய கடைகளை அவள் வரிசையாகச் சொன்னாள். அடுத்து எது என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். மரியாதைக்காகச் சொல்லவில்லை. எங்கள் அண்ணனின் பாத்திரக்கடைதான் அது. அப்பா தொடங்கியது. வாடகைக் கட்டடம். கடை அண்ணன் பேரிலும் என் பேரிலும் இருக்கிறது. நடத்துவது அண்ணன். நான் அண்ணன் வீட்டு மாடியில் தனியாக இருக்கிறேன், சாப்பாடு மட்டும் கீழே அவர்களோடு.

வீட்டுக்கு வந்தபோது மதினி மதியச் சோற்றைத் தூக்குச்சட்டியிலிருந்து குண்டாவில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். தொடாமல் திரும்பி வந்திருக்கிறது.

"போணி ஆகலையாம். சாயந்தரம் வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படல. சர்க்கர இருக்க மனுசன். நீயாவது சொல்லேன் உலகு, ஒரு தங்கச்சி சொன்னா கேக்க மாட்டாவளா?"

அன்றைய முதல் விற்பனை ஆகும்வரை அண்ணன் சாப்பிடமாட்டார். அப்பாவும் அப்படித்தான். ஆனால் அப்பா காலத்தில் அது ஒரு விரதமே இல்லை. காலை இட்லிக்கு முன்பே யாராவது ஒரு டம்ளராவது வாங்கிவிடுவார்கள். வழக்கம் அப்படியே இருக்கிறது, ஆட்கள்தான் வரவில்லை. சொல்லிப் பார்த்தேன். "சவத்தத் தள்ளு, ஒரு நா சாப்பிடாட்டி என்ன, கொறஞ்சா போயிருவேன்?" என்றார்.

ஜூன் 21, வெள்ளி

கல்லூரி நூலகர் செண்பகவல்லியிடம் பணம் கொடுத்து அண்ணன் கடையில் ஒரு கரண்டி வாங்கி வரச் சொன்னேன். என் பேச்சு வரக்கூடாது. அண்ணன் மதியம் சாப்பிட்டார்.

ஜூன் 26, புதன்

இது சர்க்கரைக்காகச் செய்வது. இன்னும் சில நாள். சாரல் பிடித்து, குற்றாலத்துக்குக் கூட்டம் வர ஆரம்பித்தால் வியாபாரம் தானாக நடக்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் பித்தளை அண்டா வாங்கிக்கொண்டு போவார்களா என்பது வேறு விஷயம்.

செண்பகவல்லி இன்றும் போனாள். அவளுக்கு இதில் ஒரு குஷி.

"ஒங்க அண்ணன் சும்மா விட மாட்டேங்காரு மேடம். ஒரு வடிகட்டி கேட்டா ஆறு எடுத்துப் போடுதாரு. வெளிச்சத்துல புடிச்சு ஓட்டயக் காட்டுதாரு. காசக் குடுத்துட்டு ஓடிரலாம்னு பாத்தா, பேரு என்ன வெட்டணும்னு கேக்காரு."

"என்ன சொன்ன?"

"நீங்க சொன்ன மாதிரி வேண்டாம்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாரு."

பாத்திரக்கடையில் பில் போடுமுன் கேட்கிற கேள்வி அது. கல்யாண வீட்டில், சாவு வீட்டில் நாலு வீட்டுப் பாத்திரம் கலந்துபோகும். பேர் இருந்தால்தான் திரும்பி வரும். அதற்கென்று ஒரு சின்ன மிஷின், பேனா மாதிரி பிடித்து எழுதுவது, குளவி போல் சத்தம் போடும். அதற்குத் தனிக் காசு கிடையாது. நான் அனுப்புகிறவர்களிடம் மட்டும் பேர் வெட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பேர் இல்லாவிட்டால் பின்னால் யாருக்காவது கொடுக்கலாம். இப்போதைக்கு என் பீரோவில், சேலைகளுக்கு அடியில்.

ஜூலை 3, புதன்

நல்ல சாரல். செண்பகவல்லி லீவு. அலுவலக உதவியாளர் எபனேசரை அனுப்பினேன். ரொம்பப் பயந்தவர். பிரின்ஸ்பால் கூப்பிட்டாலே வியர்த்துவிடும். திரும்பி வந்து, செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டிய பொட்டலத்தை மேசையில் வைத்தார். டம்ளர்.

"எதுவும் கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கல மேடம்." ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

பிரிக்காமல் பீரோவில் வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

காரணம் எதுவும் இல்லாமல் அண்ணன் மாம்பழம் வாங்கி வந்தார். தானே நறுக்கி என் தட்டில் வைத்தார். சர்க்கரைக்காரர் இருக்கிற வீட்டில் இது எதுக்கு என்று மதினி சத்தம் போட்டாள். "அவளுக்குல்லா வாங்கினேன்" என்றார். நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் நார்.

ஜூலை 10, புதன்

கட்டட உரிமையாளர் கடைக்கு வந்திருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடை இங்கே கிளை திறக்கப்போகிறதாம். அவர்களுக்கு அண்ணன் கடை இருக்கும் இடம் வேண்டும், பக்கத்துக் கடையோடு சேர்த்து. சரக்கை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். பாத்திரப் பகுதியைப் பார்த்துக்கொள்ள அண்ணனையே வைத்துக்கொள்வார்கள், மாதச் சம்பளம். ஆடிப் பதினெட்டுக்குள் சொல்லவேண்டும். இல்லையென்றால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு இடமும் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

மதினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மாசம் பொறந்தா சம்பளம். மதியம் நேரத்துக்குச் சோறு. இதுக்கு மேல என்ன வேணும்?"

அண்ணன் ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். மதினியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"ஒரு நாளாவது போணி தவறட்டும். தவறுன அன்னைக்கே சாவியக் குடுத்துட்டு அவங்கிட்ட வேலைக்குப் போயிருதேன். போணி ஆவுத வரைக்கும் கட நடக்கும்."

"நல்ல ஞாயம்" என்றாள் மதினி. "கல்யாணத்துக்கு நாள் குறிக்க மாதிரில்லா பேசுதாவ."

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

சும்மா இருந்தால் போதும். ஒரே ஒரு நாள் யாரையும் அனுப்பாமல் இருந்தால் அவர் போய்விடுவார்.

அந்தத் திருநெல்வேலிக் கடையை நான் பார்த்திருக்கிறேன். வேலை செய்கிறவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் பனியன், நெஞ்சில் பேர் எழுதிய அட்டை. உட்கார ஸ்டூல் கிடையாது. அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது. ஊருக்கெல்லாம் பேர் வெட்டிக் கொடுத்தவர் தன் பேரை நெஞ்சில் குத்திக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

செண்பகவல்லி போனாள். எண்ணெய்க் கரண்டி.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. துணிக்கடைகளில் எல்லாம் தள்ளுபடித் தோரணம். அவர்களுக்கு ஆடி ஒரு பருவம், பாத்திரக்கடைக்கு அது வெறும் ஆடி. கல்யாணமும் இல்லை, பால் காய்ச்சும் வீடும் இல்லை.

வகுப்பில் கேள்வி கேட்ட பெண்ணுக்குச் சொல்ல மனதுக்குள் ஒரு பதில் சேர்த்துப் பார்த்தேன். சமையல்காரர்களே வாடகைப் பாத்திரத்தோடு வந்துவிடுகிறார்கள், அண்டா வாங்குவானேன்? சீரில் மிக்சியும் குளிர்சாதனப் பெட்டியும் வந்து குத்துவிளக்கையும் குடத்தையும் ஓரம் தள்ளிவிட்டன. அப்படிப் பார்த்தால் பழசாகிப்போன வியாபாரத்தின் குறை. ஆனால் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் கூட்டம் குறைவு. பீடி சுற்றுகிற வீடுகளில் வாரத்தில் பாதி நாள்தான் இலை கிடைக்கிறது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பணம் இல்லாத குறை. இரண்டும்தான் என்று சொல்லிவிடலாம். இரண்டும்தான் என்பது, தெரியாது என்பதைப் படித்தவர்கள் சொல்லும் விதம்.

ஜூலை 24, புதன்

இன்று பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்குழு வந்திருந்தது. காலையிலிருந்து ஓட்டம். யாரையும் அனுப்பவில்லை. மூன்று மணிக்குத்தான் நினைவு வந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

வீட்டில் தூக்குச்சட்டி காலியாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

"போணி ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஆச்சே" என்று அண்ணன் சிரித்தார். "ஒரு பொம்பள. ஒரே ஒரு கரண்டி. பேரு வேண்டாமாம். மகளுக்கு ஆவணில கல்யாணமாம், சீர் பாத்திரம் பூரா எடுக்கணுமாம், அண்டா என்ன வெல, கொடம் என்ன வெலன்னு ஒரே கேள்வி. ஆவணி மொத வெள்ளிக்கெழம வாரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டாத குறை.

இல்லாத ஒருத்தியை உண்டாக்கி மதினிக்குச் சொல்கிறார், கடையை விட மனமில்லாமல். அப்படித்தான் எனக்குப் பட்டது. அவருக்கு அவ்வளவு ஆசை இருக்கும்போது நான் நிறுத்துவது சரியா? நாளைக்குக் கடைக்குப் போக எபனேசரைக் கேட்கவேண்டும். இப்போதெல்லாம் எபனேசர் என்னைக் கண்டாலே வேறு வழியாகப் போகிறார்.

ஜூலை 29, திங்கள்

பதிலுக்குப் பதிலாக வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். கடை கடையாகப் போய் நீங்களே கேளுங்கள் என்று. கேள்வி கேட்ட அதே பெண் முதலாவதாக முடித்து வந்தாள்.

"ஒங்க அண்ணாச்சி கடைக்கும் போனேன் மேடம். 'ஒரு நாள்கூட போணி தவறலம்மா'ன்னாங்க. அதனால நல்லா நடக்குற கடைல சேத்துட்டேன். சரிதான மேடம்?"

சரி என்றேன்.

ஆகஸ்டு 3, சனி

ஆடிப் பதினெட்டு. மதினி தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் செய்தாள். காலையில் நான் அனுப்பிய ஆள் ஒரு தட்டு வாங்கினார். கட்டட உரிமையாளர் மாலையில் போன் செய்தபோது அண்ணன் "நடக்குது, பாப்போம்" என்று சொன்னது எனக்கு மாடிப்படியில் கேட்டது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடிப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விளக்கைப் போடவில்லை.

ஆகஸ்டு 9, வெள்ளி

பெரிய கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் திறந்துவிட்டார்கள். ஆடியிலேயே. நாள் நட்சத்திரம் எல்லாம் அவர்களுக்குக் கிடையாது போலிருக்கிறது. போய்ப் பார்த்தேன். நல்ல வெளிச்சம், நிறையக் கூட்டம். ஆனால் வெளியே வருகிறவர்களின் கைகளைக் கவனித்தேன், சின்னச் சின்னப் பைகள்தான். பாதிப் பேர் ஏ.சி. குளிருக்காக உள்ளே போகிறார்கள். பாத்திரப் பகுதியில் கல்லிடைக்குறிச்சிப் பையன் ஒருவன், ஆரஞ்சு பனியன், பேர் அட்டை. செம்புக்கும் பித்தளைக்கும் அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. யாரும் அவனிடம் அதைக் கேட்கவும் இல்லை.

வெளியே வந்து ஒரு சோடா குடித்தேன்.

ஆகஸ்டு 14, புதன்

அண்ணன் மூடுவது என்று முடிவு செய்துவிட்டார். நான்கு நாளாக, நான் அனுப்புகிற ஆளைத் தவிர, ரதவீதியில் ஆள் நடமாட்டமே இல்லை, எல்லோரும் அந்தப் பக்கம். கட்டட உரிமையாளரும் வேறு ஒருவருக்குப் பேசிவிட்டார். மாதக் கடைசியில் சாவி தரவேண்டும். பெரிய கடையில் கேட்டுப் பார்த்தாராம், ஆள் போட்டாயிற்று என்றார்களாம்.

"கேட்டுப் பாத்தேன், அவ்வளவுதான்" என்றார் மதினியிடம், கடைத்தெருவில் கத்திரிக்காய் விலை கேட்டு வந்தவர் மாதிரி.

ஆகஸ்டு 19, திங்கள்

மதுரையிலிருந்து மொத்த வியாபாரி லாரி அனுப்பினார். பித்தளை தனி, எவர்சில்வர் தனி. சாக்கில் போட்டுக் கட்டினார்கள். கல்லூரிக்கு லீவு போடலாம் என்று நினைத்து, போடவில்லை. தேர்வுத்தாள் திருத்தினேன்.

ஆகஸ்டு 22, வியாழன்

சாயங்காலம் பீரோவைக் காலி செய்தேன். அத்தனையையும் நாளைக்கு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று. பொட்டலங்களைப் பிரித்தபோது எபனேசர் வாங்கிய டம்ளரில் பேர் இருந்தது. விளிம்புக்குக் கீழே, சின்ன எழுத்தில்: சு. உலகம்மை.

பேர் என்ன என்று கேட்டதும் பயத்தில் என் பேரைச் சொல்லியிருக்கிறார். அதுவும் 'உலகம்மை மேடம்' என்றுதான் சொல்லியிருப்பார். கல்லூரியில் யாரும் என்னை முதலெழுத்தோடு கூப்பிடுவதில்லை. அந்த 'சு', அப்பாவின் எழுத்து, அண்ணன் தானாகச் சேர்த்தது.

மாம்பழம் மறுநாள் வந்தது.

கீழே கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தேன். எடுத்துப் பார்த்தார்.

"எழுத்து கொஞ்சம் கோணிட்டு. அன்னைக்கு கை நடுங்கிருச்சு."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் சும்மா இருந்தீங்க?"

"நீ அனுப்புதன்னா ஒனக்குக் கட வேணும்னுதான அர்த்தம்? ஒம் பேரும்லா இருக்கு கடைல. அப்பா வச்ச கட. நானா மூடுனா ஒன் மனசு என்ன பாடு படும்னு இருந்தேன். அதான் ஒன் முன்னாலயே சொன்னேன், போணி தவறுன அன்னைக்குப் போயிருதேன்னு. நீ நிறுத்துவ, நிறுத்துவன்னு பாத்தேன். நீ நிறுத்தல."

"நீங்க சாப்பிடணும்னு அனுப்பினேன்."

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அண்ணன் தலையை ஆட்டினார்.

மதினி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "ஒரு வார்த்த வாயத் தொறந்து கேட்டா முத்தா கொட்டிரும்? ஒண்ணு எம்.ஏ., ஒண்ணு எட்டாங்கிளாஸு. ரெண்டும் சேந்து நல்லா நடத்துனிய, போங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணன் பேச்சை மாற்றுவதற்காகச் சிரித்தார். "ஆனா ஆள் புடிக்கதுல நீ கெட்டிதான். பேரு வெட்டச் சொன்னா ஊர் ஆளு, வேண்டாம்னா ஒன் ஆளுன்னு வச்சுக்கிட்டேன். எல்லாம் முழிக்கிற முழியிலயே தெரியும். ஒருத்திதான் அசத்திட்டா. அந்தக் கரண்டிக்காரி. மக கல்யாணம், சீருன்னு என்னமா நடிச்சா! கொடத்த எடுத்து எடுத்துத் தட்டிப் பாக்கா. சரிம்மா, சரிம்மா, போய்ட்டு வாங்கன்னு அனுப்பி வச்சேன். எங்கன புடிச்ச அவள?"

"அன்னைக்கு நான் யாரையும் அனுப்பலண்ணே."

"பேரு வேண்டாம்னாளே."

"நான் அனுப்பல. ஆய்வுக்குழு வந்திருந்தாங்க. மறந்துட்டேன்."

டம்ளரை அவர் கீழே வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"பொறவு மொத்தமா வெட்டிக்கிடலாம்னு சொன்னா. இப்பத்தான் நெனப்பு வருது. மொத்தமா எடுக்கும்போது வெட்டிக்கிடலாம்னு." டம்ளரைத் திருப்பியபடியே, "அப்பம் நெசமாவே ஒருத்தி வந்திருக்கா" என்றார். "நான் அவளுக்கு ஒண்ணும் எடுத்துக் காட்டலயே உலகு. ஒக்காருங்கன்னுகூடச் சொல்லல."

அவள் சொன்ன ஆவணி முதல் வெள்ளி நாளைக்கு. சாவி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. போய்த் திறந்து வைக்கப்போகிறேன் என்கிறார். காலிக் கடையைத் திறந்துவைத்து என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவள் வரமாட்டாள் என்று நினைக்கிறேன். ஒரு மாதத்துக்கு முன்னால் கடையில் சொன்ன தேதியை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்?

ஆகஸ்டு 23, வெள்ளி

வந்தாள்.

நான் கல்லூரிக்குப் போகவில்லை. அண்ணன் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினார். மதினி தூக்குச்சட்டியில் சோறு போட்டுக் கொடுத்தாள். கடையில் வெறும் தட்டுப் பலகைகள், ஒரு ஸ்டூல், லாரியில் ஏற்றாமல் விட்ட பேர் வெட்டும் மிஷின். நான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

உச்சி வெயிலுக்கு முன்னால் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. முன்னால் ஒரு அம்மாள், பக்கத்தில் மகள். பின்னால் அண்டா, குடம், குத்துவிளக்கு, அடுக்குச் சட்டிகள், எல்லாம் பஸ் ஸ்டாண்டுக் கடையின் ஆரஞ்சு நிறப் பைகளில்.

அண்ணன் எழுந்து நின்றார்.

"தப்பா நெனச்சுக்கிடாதீய அண்ணாச்சி" என்றாள் அந்த அம்மாள் இறங்கிக்கொண்டே. "எங்க வீட்டுல மூணு கல்யாணத்துக்கும் ஒங்க கடைலதான் எடுத்தோம். இவளுக்கும் இங்கனதான் எடுக்கணும்னு அன்னைக்கு வந்தேன். நீங்க முகங்குடுத்துப் பேசல. இவளால என்ன வாங்கிர முடியும்னு நெனச்சிட்டியளோ என்னமோ. மனசு விட்டுப்போச்சு. அங்கன எடுத்துட்டோம். ஆனா அவன் பேரு வெட்ட மாட்டேங்கான். ஸ்டிக்கர் ஒட்டித் தாரேங்கான். ஸ்டிக்கர் ஒட்டுன பாத்திரத்தக் கொண்டுபோனா சம்மந்தி வீட்டுல சிரிக்க மாட்டாவளா? இத மட்டும் வெட்டித் தாங்க, காசு என்னன்னாலும் தாரேன்."

பிறகுதான் உள்ளே பார்த்தாள். "என்ன அண்ணாச்சி, கட காலியா கெடக்கு?"

"வெள்ளையடிக்கப் போறோம்மா" என்றார் அண்ணன். "உக்காருங்க."

இருந்த ஒரே ஸ்டூலை அவளிடம் தள்ளினார். தான் தரையில் உட்கார்ந்தார். குடத்தை எடுத்து விரலால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டார். "நல்ல கனம். ஏமாத்தல" என்றார். மிஷினைச் சொருகினார்.

"பேரு என்னம்மா?"

"பகவதி" என்றாள் அந்தப் பெண். கொஞ்சம் வெட்கப்பட்டு, "அப்பா எழுத்து ஆ" என்றாள்.

எல்லாவற்றிலும் வெட்டினார். ஒன்றிலும் எழுத்து கோணவில்லை. ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து அந்த அம்மாளிடம் காட்டிவிட்டு அடுத்ததை எடுத்தார். நான் பைகளைப் பிரித்துக் கொடுத்தேன், மடித்து வைத்தேன். முடியும்போது கோயிலில் சாயரட்சை மணி அடித்துவிட்டது. அவள் சேலைத் தலைப்பை அவிழ்த்தாள். பேர் வெட்டுவதற்கு நாங்கள் எப்போதும் காசு வாங்கியதில்லை என்று அண்ணன் கையை ஆட்டிவிட்டார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

ஆகவே விற்பனை எதுவும் இல்லை. கதவை இழுத்துப் பூட்டினோம். தூக்குச்சட்டியை வீடு வரை நான் சுமந்து வந்தேன். திறக்கப்படாமல், அப்படியே கனத்தது.